பிள்ளைகள் தீவுக்கு இரண்டு சாட்சி

கன்றுத் தீவு அட்ராக்டாவுக்கு வாய் நீளம் என்று ஃபினாரன் ஏரியைச் சுற்றி எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். சொன்ன அத்தனை பேரும் அவள் படகில் ஏறித்தான் கரைக்குப் போய் வந்தார்கள். கல்யாணப் பெண், இரும்புக் கட்டில், கோழிக்கூடு, தேவாலயத்துக்கு வந்த ஆர்மோனியம், டாக்டர், அவருடைய குடிகார நண்பர் என்று இன்னது என்றில்லாமல் எல்லாவற்றையும் அவள் துடுப்புப் போட்டு அக்கரை சேர்த்தாள். ஒரு முறை முரட்டுக் காளை ஒன்றைப் படகுக்குப் பின்னால் கயிற்றில் கட்டி நீந்தவைத்துக் கொண்டுவந்தாள். இருபது வருஷத்தில் என் படகில் ஒரு முட்டைகூட உடைந்ததில்லை என்பாள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வாள்.

பிறந்தது கன்றுத் தீவிலேயே. இருபத்திரண்டாம் வயதில் கரையூர்க்காரன் மலக்கியைக் கட்டிக்கொண்டாள். மலக்கி தங்கமான மனுஷன். சோடா ரொட்டி சுடுவதில் அவனை அடிக்க ஆளில்லை. தண்ணீர் மட்டும் அவனுக்கு ஆகவே ஆகாது. கல்யாணத்தன்று தேவாலயத்திலிருந்து தீவுக்கு வரும் வழியில் நடு ஏரியில் குனிந்தவன் நிமிரவில்லை. கல்யாண உடையோடு துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த பெண் பின்னால் வந்த படகுகளைப் பார்த்துக் கத்தினாள்: "மாப்பிள்ளை மீனுக்கெல்லாம் விருந்து வைக்கிறாரு, கொஞ்சம் ஒதுங்கி வாங்க!"

எங்கள் ஏரியில் எத்தனை தீவு என்று கேட்டால் வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை என்போம். எண்ணிப் பார்த்தவன் எவனும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு, பேருக்கு ஒரு கதை உண்டு, கதைக்கு ஒரு சண்டை உண்டு. மூக்குத் தீவில் கள்ளச்சாராயம் காய்ச்சினால் வாசனை நேராகப் போலீஸ் ஸ்டேஷன் ஜன்னலுக்குப் போகும். பொய்யன் தீவு மூடுபனியில் கரை மாதிரியே நிற்கும். இறங்கி நாலு எட்டு வைத்தால் மறுபடி தண்ணீர். ஏழு சாப்பாட்டுத் தீவில் ஒரு துறவி புயலில் மாட்டிக்கொண்டு ஏழு வேளையும் விலாங்கு மீனே தின்றாராம். பாறைகளுக்கு வேறு கணக்கு. எவன் படகு முதலில் மோதியதோ அவன் பேர்தான் பாறைக்கு. மோதியவன் செத்தாலும் அந்த அவமானம் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டே இருக்கும். அட்ராக்டா பேரில் ஒரு பாறையும் கிடையாது. இதையும் அவளே சொல்வாள்.

அறுபத்து நாலாம் வருஷம் ஆகஸ்ட் மாதம் டப்ளினிலிருந்து தூஹி என்று ஓர் அதிகாரி வந்து இறங்கினார். புது வரைபடம் போடுகிறார்களாம். அதில் எங்கள் தீவுகளின் பேரெல்லாம் ஏறப்போகிறதாம். மெலிந்த மனுஷன், கண்ணாடி, எதையும் அழித்து அழித்து எழுதும் குணம். பள்ளிக்கூடக் கரும்பலகையில் அவர் விதியை எழுதிப் போட்டார்: ஒரு பேர் ஏற இரண்டு சாட்சி வேண்டும். இரண்டு பேரும் வேறு வேறு வீட்டுக்காரர்களாக இருக்கவேண்டும். இரண்டு பேரும் அந்தத் தீவில் கால் வைத்தவர்களாக இருக்கவேண்டும். சனிக்கிழமை மாலை ஐந்து மணியோடு பட்டியல் மூடப்படும்.

அவ்வளவுதான், ஊர் இரண்டு பட்டது. எருமைத்தலை போலிருக்கும் ஒரு பொட்டல் தீவுக்காக இரண்டு குடும்பம் தபால் நிலையத்து வாசலில் தொப்பியைக் கழற்றி எறிந்து சண்டைக்கு நின்றது. தூஹி அவசரமாக இரண்டு குடும்பமும் சொன்ன பேரை எழுதிக்கொண்டார்.

அவரை ஏரி சுற்றிக் காட்ட அட்ராக்டாதான் படகு ஓட்டினாள். செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து அவள் வாய் ஓயவில்லை. அதோ அது பன்றி இளைப்பாறின தீவு, இதோ இது மூன்று பிஷப்புகள் கோபித்துக்கொண்ட தீவு. தூஹி எழுதி எழுதி விரல் வலித்து உதறிக்கொண்டார். தெற்கு மூலையில், ஓட்டல் துறைக்கு எதிரே, முள்மரம் ஒன்று நிற்கிற சின்னத் தீவு வந்தது. அட்ராக்டா வாயை மூடிக்கொண்டாள்.

"இது?" என்றார் தூஹி.

துடுப்பு மட்டும் போய்வந்தது.

"பரவாயில்லை, இதுக்கு ஏற்கெனவே பேர் குடுத்துட்டாங்க. ஓட்டல்காரர் கிரீன் ரெண்டு சாட்சியோட எழுதிக் குடுத்திருக்கார். 'தூண்டில்காரர் ஓய்வு'ன்னு. பேர் இல்லாத தீவுன்னா குத்தகைக்கு எடுக்கலாமே. மேட்டைச் சமப்படுத்தி, சிமென்ட் துறை போட்டு, வர்றவங்க உட்கார ஒரு கொட்டகை, பின்னால ஒரு கழிப்பறை..."

அட்ராக்டா துடுப்பைத் தூக்கி உள்ளே போட்டாள். "என்னது? கழிப்பறையா?"

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"அங்க என் பிள்ளை இருக்கான் சார்."

எங்கள் ஊரில் அப்போது அதுதான் சட்டம். ஞானஸ்நானம் ஆவதற்கு முன்னால் மூச்சு நின்றுபோன குழந்தைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. தாய் கட்டிலில் கிடப்பாள். தகப்பன் ஒரு பெட்டியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு ஒருவருக்கும் தெரியாமல் படகெடுப்பான். திரும்பி வந்து "ஆச்சு" என்பான். எங்கே என்று அவளும் கேட்கக்கூடாது, அவனும் சொல்லக்கூடாது. தலைமுறை தலைமுறையாக அந்தச் சின்னத் தீவுக்குத்தான் போனார்கள். ஏரியில் தலைகாட்டுகிற குண்டுக்கல்லுக்கெல்லாம் பேர் வைத்த ஜனங்கள் அதற்கு மட்டும் பேர் வைக்கவில்லை. பேர் வைத்தால் பேசவேண்டி வருமே!

அட்ராக்டாவின் கதை மட்டும் வேறு. நாற்பத்தொன்பதில் அவள் பிள்ளை பிறந்து ஒரு மணி நேரம்தான் இருந்தான். மலக்கி பெட்டியை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனான். துடுப்பைப் பிடிக்கத் தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். நாலாம் நாள் விடியற்காலையில் அவள் கட்டிலிலிருந்து எழுந்து வந்தாள். "நகரு" என்று சொல்லித் தானே படகை ஓட்டினாள். மலக்கி பெட்டியை மடியில் வைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்த ஏரியில் அந்தத் தீவில் கால் வைத்த தாய் அவள் ஒருத்திதான்.

எல்லாவற்றையும் தூஹியிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"புதைச்ச இடம்னு வரைபடத்தில் ஏறிட்டா அங்க யாரும் மண்வெட்டி வைக்க முடியாதும்மா. குத்தகையும் கிடையாது. ஆனா எனக்கு ரெண்டு வீட்டுச் சாட்சி வேணும். உங்க வீட்டுக்காரர் சொன்னா அது அதே வீடுதான்."

"இன்னொரு வீடுதானே? கொண்டாறேன்."

"சனிக்கிழமை அஞ்சு மணி."

"எனக்கு மணி பார்க்கத் தெரியும் சார்."

சுலபமாகச் சொல்லிவிட்டாள். அன்றைக்கே நேராக ஃபெஸ்டி மல்கெரின் வீட்டுக்குப் போனாள். ஃபெஸ்டியை விட்டால் ஏரியில் வேறு படகுக்காரன் இல்லை என்பார்கள், அட்ராக்டா காதில் விழாத இடத்தில். அவனும் அவளும் முப்பது வருஷமாக ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே சிநேகமாக இருந்தார்கள். ஃபெஸ்டிக்கும் அவன் மனைவி வின்னிக்கும் ஐந்து பிள்ளைகள் உயிரோடு. அதற்கு முன்னால் மூன்று.

ஃபெஸ்டி முற்றத்தில் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான்.

"வாம்மா, ஏரிக்கு ராணி. ஓட்டை விழுந்துடுச்சா உன் படகுல?"

"என் படகுல ஓட்டை விழற அன்னிக்கு உன் தலையை வச்சு அடைச்சுக்கறேன். விஷயத்தைக் கேளு." சொன்னாள். கிரீன் போடப்போகிற கழிப்பறையைப் பற்றியும் சொன்னாள்.

ஃபெஸ்டியின் பிரஷ் நின்றது. பிறகு மறுபடியும் பூச ஆரம்பித்தான், பூசின இடத்திலேயே.

"போன விஷயத்தைக் கிளறாதே அட்ராக்டா."

"போகலையே. அங்கேயேதானே இருக்கு."

"ஃபாதர் முன்னால எழுந்து நின்னு அதைச் சொல்லச் சொல்றியா? என் மூணு பிள்ளைக்கும் அவர் மணிகூட அடிக்கல. மறைச்சு மறைச்சு எடுத்துட்டுப் போனேன், திருடன் மாதிரி. இப்ப ஊர் கூட்டி வச்சுச் சொல்லணுமா?"

"ஆமா."

"முடியாது. போ."

சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வின்னி உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி ஓடவில்லை. அட்ராக்டா பார்த்ததும் வின்னி கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள்.

புதன், வியாழன், வெள்ளி. ஏழு வீடு ஏறி இறங்கினாள். ஒரு வீட்டில் டீ கொடுத்து வானிலை பேசினார்கள். ஒரு வீட்டில் கிழவர் சட்டென்று செவிடாகிவிட்டார். ஒரு வீட்டில் ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை, புகைபோக்கியிலிருந்து புகை மட்டும் வந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒருத்தனுக்கும் முதுகெலும்பு இல்ல மலக்கி. பாறைக்காக மூக்கை உடைச்சுக்கறானுங்க. பெத்த பிள்ளைக்கு வாயைத் திறக்க மாட்டேங்கறானுங்க."

மலக்கி சூடான ரொட்டியை அறுத்து வெண்ணெய் தடவி முன்னால் வைத்தான். "நாளைக்கு நானும் வர்றேன்" என்றான்.

"நீ எதுக்கு? அதே வீடுதானே."

"சாட்சிக்கு இல்ல. உன் பக்கத்துல உட்கார."

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் மூச்சுவிட இடமில்லை. ஃபாதர் கில்ஹூலி முன்வரிசையில். ஓட்டல்காரர் கிரீன் புதுக் கோட்டில், பக்கத்தில் அவருடைய இரண்டு சாட்சிகள், மதுக்கடைப் பையனும் தூண்டில் போட வந்த டப்ளின்காரர் ஒருவரும். மலக்கி படகில் வந்த கோலத்தில், வெளிறிய முகத்தோடு, மனைவி தோளோடு ஒட்டிக்கொண்டிருந்தான். தூஹி ஒவ்வொரு பேராகப் படித்தார். சிரிப்பு, கைதட்டல், ஆட்சேபணை, மறுபடி சிரிப்பு. நாலே முக்காலுக்குக் கடைசிக் காகிதத்தை எடுத்தார்.

"தெற்கு மூலையில் உள்ள சிறு தீவு. 'தூண்டில்காரர் ஓய்வு'. ஆட்சேபணை உண்டா?"

"உண்டு" என்று அட்ராக்டா எழுந்தாள். "அது குழந்தைகளைப் புதைச்ச இடம். என் மகன் அங்க இருக்கான். நானே கொண்டுபோய் வச்சேன்."

இத்தனை வருஷமாக யாரும் உரக்கச் சொல்லாத வார்த்தை. சிரித்துக்கொண்டிருந்த வாயெல்லாம் அப்படியே நின்றது. பெண்கள் மடியைப் பார்த்தார்கள், ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள். ஃபாதர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு சாட்சி" என்று தூஹி எழுதினார். "இரண்டாவது வீடு?"

கடிகாரம் ஓடியது. கிரீன் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். "யாருமில்லைன்னா மூடிடலாமே மிஸ்டர் தூஹி. அந்த அம்மாவுக்கு எதையும் பெருசாக்கிப் பேசற பழக்கம்."

"அஞ்சு ஆகலை" என்றார் தூஹி. அன்றைக்கு முதல்முறையாக அவர் குரலில் ஒரு கடுப்பு இருந்தது.

பின்வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது. வின்னி எழுந்து நின்றாள். வின்னியா! தேவாலயத்தில் பாட்டுக்குக்கூட உதடு மட்டும் அசைக்கிறவள்.

"நான் சொல்றேன்" என்றாள். "எனக்கு மூணு போச்சு."

"அந்தத் தீவுல கால் வச்சிருக்கீங்களாம்மா?" தூஹி கேட்டார். கேட்டே ஆகவேண்டும், பாவம்.

"இல்ல சார். என்னை யாரு கூட்டிட்டுப் போனாங்க?"

"அப்படின்னா..." தூஹியின் பேனா அந்தரத்தில் நின்றது. கிரீன் சிரித்தார். நான் கேட்டவரைக்கும் அந்த ஆள் செய்த பெரிய முட்டாள்தனம் அந்தச் சிரிப்புதான்.

வின்னி கிரீனைப் பார்க்கவேயில்லை. பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்த புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஃபெஸ்டி. இருபத்தஞ்சு வருஷம் உன் பக்கத்துல படுத்திருக்கேன். ஒரு நாளும் கேட்டதில்ல. இப்ப இத்தனை பேர் முன்னால கேக்கறேன். என் பிள்ளைங்களை எங்க வச்ச?"

ஃபெஸ்டி தொப்பியைக் கையில் முறுக்கினான். முறுக்கி முறுக்கிப் பிழிந்தான். பிறகு எழுந்தான். ஆறடி மனுஷன், எழுந்திருக்க அவ்வளவு நேரம் ஆனது. ஃபாதரை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் அவர் இருப்பதையே மறந்துவிட்டான்.

"முள்மரத்துக்குக் கிழக்கால வின்னி. தண்ணி ஏறாத மேடு. மூணு வெள்ளைக் கல்லு, ஒண்ணு பக்கத்துல ஒண்ணு. காத்து அடிக்காத இடமாப் பார்த்துத்தான் வச்சேன்." தூஹி பக்கம் திரும்பினான். "எழுதிக்கங்க சார். ஃபெஸ்டி மல்கெரின். மூணு தடவை கால் வச்சிருக்கேன்."

"இரண்டாவது வீடு" என்றார் தூஹி. மணி ஐந்தாக நாலு நிமிஷம்.

அட்ராக்டா பெஞ்சில் உட்கார்ந்தாள். மலக்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஆனால் அதோடு முடியவில்லையே! செவிடாகிவிட்ட கிழவர் எழுந்தார். "எனக்கு ஒண்ணு. முப்பத்தோராம் வருஷம்." கதவு திறக்காத வீட்டுக்காரன் எழுந்தான். "எனக்கு ரெண்டு. என் அப்பாவுக்கு ஒண்ணு." எருமைத்தலைத் தீவுக்காகத் தொப்பி எறிந்தவர்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்து, நீ சொல்லு நீ சொல்லு என்று ஒருவருக்கொருவர் வழி விட்டார்கள். அப்படி ஒரு மரியாதை அந்தக் குடும்பங்களுக்குள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காகிதத்தில் இடம் தீர்ந்து தூஹி பின்பக்கம் திருப்பினார். பின்பக்கமும் தீர்ந்தது. பத்தொன்பது வீடு. ஐந்து மணி எப்போது அடித்தது என்று யாருக்கும் தெரியாது. கிரீனின் மதுக்கடைப் பையன் கடைசியில் எழுந்து, "என் தம்பியும் அங்கதான் சார், என் பேரை ஓட்டல்காரர் காகிதத்துலேருந்து அடிச்சிடுங்க" என்றான். கிரீன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரும் வழி மறிக்கவுமில்லை, வழி விடவுமில்லை. இடித்துக்கொண்டுதான் போனார்.

"என்ன பேர் எழுதட்டும்?" என்று தூஹி கேட்டார்.

ஒரு பாறைக்கு மூன்று பேர் சொல்கிற கூட்டம் வாயைத் திறக்காமல் அட்ராக்டாவைப் பார்த்தது.

"பிள்ளைகள் தீவு" என்றாள்.

"காரணம்னு ஒரு பத்தி இருக்கு. அதுல என்ன போட?"

"எங்க பிள்ளைங்க இருக்காங்கன்னு போடுங்க. வேற என்ன காரணம் வேணும்?"

அழித்து அழித்து எழுதுகிற அந்த மனுஷன் அதை ஒரே மூச்சில் எழுதினார். பிறகு உரக்கப் படித்தார். கூரை அதிர்ந்தது. மலக்கி ஜன்மத்தில் முதல்முறையாக விசில் அடித்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். பட்டப்பகலில் இருபத்தாறு படகு தெற்கு மூலைக்குக் கிளம்பியது. அத்தனையிலும் பெண்கள். அட்ராக்டாவின் படகில் வின்னியோடு சேர்த்து ஆறு பேர், மலக்கி ஏழு. படகு நகரும்போது ஃபாதர் கில்ஹூலி பிரார்த்தனைப் புத்தகத்தோடு துறையில் வந்து நின்றார்.

"எனக்கும் ஓரிடம் இருக்குமா அட்ராக்டா?"

"தாய்மார்களுக்கே பத்தலை ஃபாதர். அடுத்த நடைக்கு வாங்க."

ஃபாதர் தலையாட்டினார். துறைக் கல்லில் உட்கார்ந்து காத்திருந்தார். இரண்டாம் நடையும் போய், மூன்றாம் நடையில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. நியாயமாகப் பார்த்தால் அதுவே சீக்கிரம்.

முதல் நடையில் ஃபெஸ்டி தன் படகிலிருந்து குதித்து, அட்ராக்டாவின் படகிலிருந்த வின்னியை இரண்டு கையாலும் தூக்கிக் கரையில் விட்டான். முள்மரத்துக்குக் கிழக்கே நேராகப் போனான். புல்லை விலக்கினான். மூன்று வெள்ளைக் கல், ஒன்று பக்கத்தில் ஒன்று. வின்னி மண்டி போட்டாள். முதலில் அவனை நன்றாகத் திட்டினாள். "இருபத்தஞ்சு வருஷமா தெரிஞ்சுகிட்டே என் கையால சாப்பிட்டியே, படுபாவி!" ஃபெஸ்டி பதில் பேசாமல் வாங்கிக்கொண்டான். பிறகு ஒவ்வொரு கல்லாகத் தொட்டு, "நோரா, ஃபெர்கல், டெல்லா" என்றாள். அவனுக்கே அது புதுசு. பேர் வைத்திருந்தாளா! அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். சுற்றிலும் பார்த்தால் ஒவ்வொரு கல்லுக்குப் பக்கத்திலும் ஒருத்தி. ஒவ்வொருத்தியிடமும் ஒரு பேர் இருந்தது. முதலில் முணுமுணுப்பாகத்தான் சொன்னார்கள்.

மலக்கி தள்ளாடிக்கொண்டே அட்ராக்டாவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"நம்ம பையனுக்கு நீயும் பேர் வச்சியா?"

"வச்சேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீ கேக்கவே இல்லையே மனுஷா."

"இப்ப கேக்கறேன்."

அட்ராக்டா அவனிடம் சொல்லவில்லை. ஏரியைப் பார்த்துத் திரும்பினாள். மூடுபனியில் ஒரு மைலுக்கு அப்பால் உள்ள படகைக் கூப்பிடுகிற குரல் அவளுக்கு. அந்தக் குரலை முழுசாக எடுத்து, "ஃபின்டன்!" என்று கூப்பிட்டாள். தண்ணீர் மேல் அது ஓடியது. மற்றப் பெண்கள் தலை நிமிர்ந்தார்கள். அப்புறம் வின்னி எழுந்து நின்று கூப்பிட்டாள், அவளுக்கு அடுத்தவள், அதற்கடுத்தவள், தொண்டை கிழியக் கிழிய. எதிரே ஓட்டல் ஜன்னல்களில் தூண்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கரைத் துறையில் அடுத்த நடைக்குக் காத்திருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்டது. ஃபாதருக்கும் கேட்டது.